வடிகட்டி

“அம்மா, நீ தொட்டுப் பாக்குற மெஷினெல்லாம் ஏன் செத்துப்போகுது?” ஆறு வயதில் மெர்சலினின் மகள் கேட்ட கேள்வி அது. மெர்சலின் அவளுக்கு இன்னொரு வாய் சோறு ஊட்டினாள். மகள் இப்போது வடக்கே மலைநாட்டில் இருக்கிறாள். மெர்சலினுக்கு இன்னும் குளிர் இயந்திரங்களைச் சோதிக்கும் அதே வேலைதான்.

அன்று காலை அவள் போனது கடற்கரையோர மருந்துக் குளிரறைக்கு. நான்கு ஊர்ச் சர்க்கரை நோயாளிகளின் இன்சுலின் அங்கேதான் இருந்தது. காப்பாளர் சிலுவை கதவைத் திறந்தார்.

“வா தங்கச்சி. உன்னப் பாத்ததும் மெஷினுக்குக் கைகால் உதறுது.”

“எனக்குந்தான் உதறுது. தள்ளுங்கண்ணே.”

குழாயின் பார்வைக்கண்ணாடியில் குமிழிகள் ஓடின. வடிகட்டி அடைத்தாலும் அப்படித்தான் ஓடும், குளிரூட்டும் வாயுவான குளிர்வளி கசிந்து குறைந்தாலும் அப்படித்தான். வடிகட்டியின் இரு பக்கமும் தொட்டாள். அடைத்திருந்தால் ஒரு பக்கம் சில்லிட்டிருக்கும். இரண்டும் ஒரே சூடு. குழாய் இணையும் மூட்டில் சோப்புநீர் தடவினாள், நுரைத்தது.

“அடைப்புத்தான?” என்றார் சிலுவை. “இன்னொரு தடவ தொட்டுப் பாரு.”

தொட்டாள். “கசிவுண்ணே.”

குளிர்வளி செய்வதை உலகம் நிறுத்தி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அடைப்பென்றால் பழுது பார்க்கலாம். கசியும் இயந்திரத்தில் மறுபடி நிரப்பக் கூடாது. மிச்சத்தை உறிஞ்சி நகரத்துக்கு அனுப்ப வேண்டும்.

“அப்ப இன்னைக்கே உறிஞ்சிருவ?”

“விதி அப்படி.”

“மருந்துக்கு டவுன் வரைக்கும் இந்த வெயில்ல யாரு நடப்பா, தங்கச்சி?”

நண்பகல் சங்கு ஊதியது. உச்சி வெயில் தணியும்வரை ஒதுங்க ஊரே நிலத்தடிக்கு இறங்கியது. வெளியே நிற்க அனுமதி அவளைப் போன்றவர்களுக்கு மட்டும்தான். “நீ போற வரைக்கும் கதவச் சாத்தியே வை,” என்று சொல்லிவிட்டுச் சிலுவையும் போனார்.

மகள் வெப்பத்தில் சுருண்டு விழுந்த ஒரு நாளில், மனித உடல் நுழையக் கூடாத இந்த அறையைத் திறந்து, மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே அவளைக் கிடத்தியவர் சிலுவை. அதைப் பற்றி அவர் பிறகு பேசியதே இல்லை.

மெர்சலின் வெப்ப உடையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். ஊழியத்துக்காக அவளுக்குத் தந்திருந்த ஒரே குளிர்பெட்டியிலிருந்து வளியை உருளையில் இறக்கினாள். வேறொன்று தரமாட்டார்கள். திரும்பி வந்து, இயந்திரத்தில் மிச்சமிருந்த வளியையும் உருளையில் எடுத்துக்கொண்டு, கசிந்த மூட்டைப் பற்றவைத்து அடைத்து, புது வடிகட்டியைப் பொருத்தினாள். குழாயின் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வளியை நிரப்பினாள். குமிழிகள் மெலிந்து நின்றன.

மற்ற மூட்டுகளும் அரித்துப் போயிருந்தன. ஒரு கோடை தாங்கலாம். அவ்வளவுதான்.

சோப்பு நுரையைத் துடைத்தாள். கழற்றிய பழைய வடிகட்டி நன்றாகத்தான் இருந்தது; அடைத்ததுபோல் தெரிய அதன் வாயில் கரியை அப்பினாள். அதைச் சிலுவையின் நாற்காலியில் வைத்து, சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, ஆளில்லாத தெருவில் இறங்கினாள்.