சக்கின் அருகே ஒரு தட்டல்

அம்மனின் கண்களைக் காணோம்.

காரிமங்கலத்துக்கு வெளியே ஏரிக்கரை மாரியம்மனுக்கு அணிவிக்கும் தங்கக் கண்மலர் இரண்டும், திருகு தேய்ந்ததால் முனிராஜின் லேத் பட்டறைக்கு வந்திருந்தன. மறுநாளே முனிராஜ் மாரடைப்பில் போய்ச்சேர்ந்தார். கண்மலரும் மாயம். செத்தவன் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம்! "திருடுனான், அம்மா அவன் உசுர எடுத்துக்கிட்டா" என்றது ஊர்.

ஆயுத பூஜை கழிந்ததும் கோயில்காரர்கள் வந்து பட்டறையைச் சோதித்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அன்றிலிருந்து லேத் தட்ட ஆரம்பித்தது. உளியைச் சுமந்து நகரும் கேரேஜ், இரும்பைக் கவ்விச் சுழற்றும் 'சக்'கை நெருங்கும்போதெல்லாம் ஒரே இடத்தில், டக். உள்ளேயிருந்து யாரோ கதவைத் தட்டுவது போல.

செவ்வாய், முற்பகல். கண்மலரைக் கண்டுபிடிக்கச் சொல்லி முனிராஜின் மனைவி பாஞ்சாலி கொடுத்த புகாரின் பேரில் எஸ்.ஐ. கவிப்பிரியா வந்தாள். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டுக் காக்கி போட்டவள்.

"ஓட்டுங்க."

முனிராஜின் கூட்டாளி மாதவராஜ் சுவிட்சைப் போட்டார். கேரேஜ் ஊர்ந்தது. டக். கவிப்பிரியா குனிந்து காதைக் கொடுத்தாள்.

"அண்ணன் ஆவிதான் மேடம். பட்டறைய எனக்கு வுட்டுட்டு பெங்களூருல மவ வூட்டுக்குப் போங்கன்னு அண்ணிகிட்ட சொல்லிட்டேன்."

"திருடன் பொண்டாட்டிங்கற பேரோட நான் எங்கயும் போவமாட்டேங்க," என்றாள் பாஞ்சாலி.

கேரேஜ் ஊர்ந்து போகும் இரும்புத் தளமான 'பெட்'டைக் கவிப்பிரியா தடவினாள். பெரிய சக்கரம் கடைய இடம் போதாவிட்டால், சக்குக்கு முன்னால் பெட்டின் ஒரு துண்டை மட்டும் கழற்றி வைப்பார்கள். அதற்கு கேப் பீஸ் என்று பேர். அதன் இணைப்பில் அவள் நகம் இடறியது.

"கடைசியா யாரு கழட்டுனது?"

"அண்ணன்தான். ஆடியில ஒரு ஃப்ளைவீலுக்காகக் கழட்டி, அவரே மாட்டுனாரு. அப்புறம் யாரும் கை வைக்கல."

"அப்ப தட்டுச்சா?"

"இல்லீங்க, வழுக்கிக்கிட்டுப் போச்சு," என்றாள் பாஞ்சாலி.

"பூஜை யாரு போட்டது?"

"நான்தான். அண்ணி வூட்ல சாவு, இந்த வருசம் பண்டிகை கெடையாதுங்களே."

"பட்டறைச் சாவி?"

"அண்ணன் போன அன்னையிலருந்து எங்கிட்டதான்."

"கழட்டுங்க."

மாதவராஜ் நகரவில்லை. பக்கத்துப் பட்டறை அன்பு வந்து பின்களை உருவி, போல்ட்டுகளைக் கழற்றி, செயின் பிளாக்கில் துண்டைத் தூக்கினான்.

கீழே, கறுத்த பள்ளத்துக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அவர்களைப் பார்த்தன.

பாஞ்சாலி அலறிவிட்டாள். "அடப்பாவி அண்ணா! இங்கயா ஒளிச்சுவெச்ச?" என்று மாதவராஜ் தலையிலடித்துக்கொண்டார்.

"நடிக்காதீங்க. துண்டு உக்கார்ற எடத்தப் பாருங்க."

நசுங்கி அப்பிக்கிடந்தது, சந்தனமும் குங்குமமும்.

"பூஜைக்கு நீங்க இணைப்பு மேல வெச்ச பொட்டு. கோயில்காரங்க சோதனைக்கு வராங்கன்னதும் துண்டத் தூக்கிக் கண்மலர ஒளிச்சீங்க. பொட்டு உதிர்ந்து அடியில வுழுந்துச்சு. தொடைக்காம மாட்டுனீங்க. துண்டு முடியளவு தூக்கி நிக்குது, அதுல கேரேஜ் இடிக்குது. பூஜைக்கு முன்னாடியே செத்தவரு பூஜைக் குங்குமத்து மேல துண்ட மாட்டுவாராங்க?"

மாதவராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லாவற்றையும் படமெடுத்த பிறகு அன்பு இடத்தை டீசல் விட்டுத் துடைத்தான். முதலில் பின்களை இறக்கி, அப்புறம் போல்ட்டை முறுக்கினான். கேரேஜ் ஓடியது. சத்தமே இல்லை.

"ஆவி போயிடுச்சு!" என்று சிரித்தான்.

பாஞ்சாலி சிரிக்கவில்லை. அழுதுகொண்டே இரும்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தட்டுனது குங்குமம்னு சொல்றீங்க, சரிங்க மேடம். ஆனா தட்டாம இருந்திருந்தா, என் புருசன் திருடனில்லன்னு யாரு தொறந்து பாத்திருப்பா?"