கீழறை இணைப்பு

முனவ்வரா கேபிளைப் பிடுங்கிப் போட்டுப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் மறுபடியும் 'டிங்' என்றது.

திரையின் மூலையில் சின்னப் பெட்டி. 'அண்ணி, தண்ணி.' அனுப்பியவர் ஹுமா.

ஹுமா மௌத்தாகி, அடக்கம் செய்து நேற்றோடு நாற்பது நாள். பாத்திஹாவுக்கு நெய்ச்சோறு ஆக்கிய சட்டிகளைக்கூட இன்னும் கழுவி முடிக்கவில்லை. அவளுடைய லேப்டாப்பை முனவ்வராவின் கணவன் ஜலீல் மறுவாரமே கூடலூர்ப் பக்கம் ஒரு மதரஸாவுக்குக் கொடுத்துவிட்டான்.

ஜலீலின் தங்கை அவள். தொண்டைக் கட்டியை அறுத்தபோது குரலும் போயிற்று. கழுத்தில் இட்ட துளை வழியாகத்தான் மூச்சு. குன்னூரில் சரிவில் கட்டிய வீடு, சாலைக்குக் கீழே இறங்கும் ஓர் அறை, அதில் அவள் கட்டில். கூப்பிட வழி வேண்டுமே என்று ஜலீல்தான் அவள் லேப்டாப்பையும் மேலேயிருந்த கம்ப்யூட்டரையும் கேபிள் இழுத்து இணைத்தான். 'அண்ணி, போர்வை.' 'அண்ணி, ஜன்னல்.' விடிந்ததிலிருந்து படுக்கும் வரை டிங், டிங்.

ஒரு மதியம் முனவ்வரா நெட்வொர்க் பக்கத்தைத் திறந்து, அந்தச் செய்திகளைக் கொண்டுவரும் பாகத்தை மட்டும் நீக்கினாள். ஒரு மணி நேரம் படுத்துவிட்டுத் திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான். போடவும் செய்தாள். அதற்குள் கீழே எல்லாம் முடிந்திருந்தது.

"உன்னை எழுப்ப வேண்டாம்னு கூப்பிடாமயே இருந்துட்டா போல" என்று ஜலீல் தேம்பியபோது, அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

இன்று மணி மூன்றுகூட ஆகவில்லை. அதற்குள் மூடுபனி ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. கூரைத் தகரத்திலிருந்து சொட்டிய நீரின் ஓசையும், சுவரில் ஊறிய ஈரத்தின் புளித்த வாடையும், எங்கிருந்தோ ஹுமாவின் நெஞ்சில் தடவும் தைலத்தின் நெடியும் அறைக்குள் மெல்லப் பரவின. அந்தத் தைலப் புட்டியை முனவ்வராவே குப்பையில் போட்டிருந்தாள்.

டிங். 'அண்ணி, சளி அடைக்குது.'

அதே பக்கத்தைத் திறந்தாள். ஃபைல் பகிர்வு. நீக்கினாள். பிரிண்டர் பகிர்வு. நீக்கினாள். பட்டியலில் இருந்த ஒவ்வொன்றாக, பெயர் தெரியாதவற்றையும் சேர்த்து. கடைசியில் நெட்வொர்க் கார்டையே நீக்கிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். பட்டியல் வெறுமையாக இருந்தது.

சத்தமில்லை.

கால் மணி நேரம். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் மூச்சு விட்டாள்.

போன் அடித்தது. பஜாரில் கடையிலிருந்து ஜலீல்.

"முனவ்வரா." அவன் குரல் கரகரத்தது. "ஹுமா பேர்ல எனக்கு மெசேஜ் வருது."

"என்னங்க சொல்றீங்க?"

"'அண்ணா, அண்ணிக்குப் போகமாட்டேங்குது, அதான் உனக்கு'ன்னு இருக்கு. அப்பறம்..." அடுத்ததை வாசித்தான். "'கட்டில் கம்பியத் தட்டினேன். அண்ணி தூங்கல. கேட்டுட்டுத்தான் படுத்திருந்தாங்க'ன்னு இருக்கு. இது என்னம்மா?"

 

தட்டியது உண்மை. ஏழு முறை. முனவ்வரா எண்ணியபடி, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அது யாருக்கும் தெரியாது.

"சொல்லு முனவ்வரா. கேட்டுச்சா உனக்கு?"

கீழேயிருந்து ஒரு சத்தம். டக். டக்டக்.

போனைக் காதில் வைத்தபடியே எழுந்தாள். போகக்கூடாது. போனாள்.

"இன்னொண்ணு வருது," என்றான் ஜலீல். "'அண்ணி படிக்கட்டுக்கு வந்துட்டாங்க.'"

அவள் படிக்கட்டில்தான் நின்றாள்.

கீழறைக்குள் பனி இறங்கியிருந்தது. காலி மேஜை. அதன் முன்னால், அடக்கத்தில் சுற்றிய கஃபன் துணியோடு, ஹுமா. முகம் மேல்நோக்கித் திரும்பியிருந்தது. கழுத்துத் துளை விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. கண்ணை இவளிடமிருந்து எடுக்காமலே, விரல்கள் வெறும் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தன.

டக். டக்டக். டக்.

காதோரம், போனுக்குள், ஜலீலின் பக்கம்: டிங்.