நியாயமாக ஆடிய வெளிச்சம்

வெளிச்சம் நியாயமாக ஆடியது. முதல் கோளாறு அதுதான்.

மெர்ல் ஹோஃபர்ட் சுவரைப் பார்த்து நின்று இருபது எண்ணிவிட்டுத் திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தார். டிவித் திரைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளில் ஒரு பாழடைந்த மாளிகையின் படம். அதன் மாடி அறைக்குப் பின்னால் பெருவிரல் நகமளவு வெள்ளைச் சதுரம் ஒன்று ஒளிந்திருந்தது. தன் சதுரத்தை அவர் படிக்கட்டு வழியாக ஏற்றிக்கொண்டு போனார். ஒளிந்திருந்த சதுரம் ஓடவில்லை. பிடிபடும்வரை அப்படியே இருந்தது. பிடிபட்டதும் அணைந்தது.

எதிர் நாற்காலியில் யாரும் இல்லை. அங்கே உட்கார வேண்டிய மனைவி லவோனை நவம்பர் நடுவில் புதைத்தாகிவிட்டது. தன் சதுரத்தை நகர்த்த அவள் திருகும் குமிழ்கள் வைத்த கைப்பெட்டி மட்டும் அவள் பின்னிய போர்வைமேல் கிடந்தது.

ஆளில்லாத நாற்காலியிலிருந்து வெளிச்சம் நகர்கிறதே என்று மெர்ல் பயப்படவில்லை. ஒன்பது நாளாக அதற்காகத்தான் படுக்கையை விட்டு எழுந்தார், அதற்காகத்தான் முகம் மழித்தார். அவள் வீட்டை விட்டுப் போகவில்லை என்பதற்கு உலகத்தில் அவரிடம் இருந்த ஒரே சாட்சி அந்தச் சதுரம்.

ஆனால் லவோன் நியாயமாக ஆடி யாரும் பார்த்ததில்லை. அவள் யூக்கர் சீட்டாட உட்கார்ந்தால் ஒரே கட்டில் ஏழு ஜாக் இருக்கும். அவளோடு ஒரு சாயங்காலம் ஆடிய பாதிரியார் ஒருவர் மறு வாரமே மாற்றல் வாங்கிக்கொண்டு ஒஹாயோவுக்கே போய்விட்டார் என்று ஃபோர்ட் வெய்ன் ஊர் முழுக்கப் பேச்சு. அப்படிப்பட்டவள் கையில் செப்டம்பரில், டிவியோடு இணைத்து ஆடும் இந்த விளையாட்டுப் பெட்டி கிடைத்தது. அதுவரை டிவி காட்டியதை மனிதர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுபத்திரண்டாம் வருஷம்தான் மனிதர்கள் சொன்னதை டிவி கேட்க ஆரம்பித்தது. பெட்டிக்கு வெளிச்சம் போடத் தெரியும், அவ்வளவுதான். புள்ளி எண்ணத் தெரியாது, விதி தெரியாது. எல்லாம் ஆடுகிறவர்கள் யோக்கியதை. லவோனுக்கு அது சொர்க்கம். மெர்ல் மாடியில் தேடினால் அவள் சமையலறைக்கு நழுவுவாள், அங்கே போனால் புகைக்கூண்டுக்குத் தாவுவாள். கேட்டால் மூக்கால் ஒரு சிரிப்பு, பன்றிக்குட்டி தும்மினதுபோல. அதைக் கேட்டுப் பக்கத்துத் தெரு நாய்கள் பதில் குரல் கொடுக்கும்.

இந்த ஒன்பது நாளில் வெளிச்சம் ஒருமுறைகூட ஏமாற்றவில்லை.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு வெண்டல் ஆம்ஸ்டுட்ஸ் பூட்ஸில் அரை மாவட்டத்துப் பனியை ஒட்டிக்கொண்டு வந்தார். டிவி ரிப்பேர்க்காரர், மெர்லின் பள்ளிக்கூடத் தோழர். கையில் மனைவி கொடுத்தனுப்பிய பெர்சிமன் பழப் புட்டிங்.

"இதையும் வைக்க இடம் இருக்காடா?"

"இல்லை. சர்ச் பொம்பளைங்க கொண்டுவந்த டூனா மீன் நூடுல்ஸ் பாத்திரங்களையே ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கினா தண்ணித்தொட்டி உசரம் வரும்."

"ஒண்ணையும் தின்ன மாதிரி தெரியலையே. காக்காய்க்கு வெச்ச பொம்மை மாதிரி இருக்க." வெண்டலின் கண் டிவிமேல் போனது. "தனியாவா ஆடுற?"

மெர்ல் எதிர் நாற்காலியைப் பார்த்தார். பிறகு சொன்னார். "அவ வெளிச்சம் நகருது வெண்டல்."

வெண்டல் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பெட்டியருகே மண்டியிட்டார். "பேட்டரி சாகப்போகுதுன்னா வெளிச்சம் தானா நழுவும்டா. நூறு வீட்டுல பார்த்திருக்கேன். ஆறு பேட்டரி இருக்கு இதுல. எப்ப மாத்தின?"

"மாத்தலை."

"செப்டம்பர்ல இருந்தா? ஏன்?"

"மாத்தினா நின்னுடுமோன்னுதான்."

வெண்டல் அவரைப் பார்க்காமல் கோட்டுப் பைக்குள் கைவிட்டார். மெர்ல் எழுந்து தடுப்பதற்குள் பின்மூடி கழன்று பழைய பேட்டரிகள் ஆறும் தரைவிரிப்பில் உருண்டன. மெர்லின் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு வெண்டல் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"உன் நல்லதுக்குத்தான்டா. இப்படியே உட்கார்ந்திருந்தா நீயும் அவ பின்னாடியே போயிடுவ."

"போய்ட்டுப் போறேன். உனக்கென்ன?"

"எனக்கு யூக்கர் ஆட வேற ஆள் கிடையாது, எனக்கென்னவா!" என்றார் வெண்டல். புது பேட்டரிகளைப் போட்டு மூடியவர் மெர்லின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கண்ணைத் துடைப்பது தெரியாமலிருக்கத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

வெளியே பனி, வானத்தில் யாரோ ஒரு மாவு ஆலையையே கவிழ்த்துவிட்டதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் சாம்பலாகி நீலமாகியது. வீட்டைச் சூடாக்கும் அடித்தளத்து உலை மூச்சுவிட்டு அடங்கும் சத்தம், சூடேறிய டிவி வால்வுகளிலிருந்து எழும் தூசி கருகிய வாசனை, அதற்கு அடியில் சமையலறையில் ஆறிப்போன புட்டிங்கின் இலவங்கப்பட்டை வாசனை, இவற்றுக்கு நடுவே மெர்ல் பெட்டியைப் போட்டார். இரண்டு சதுரங்கள் முன்னைவிடப் பிரகாசமாக, விளிம்பு கூர்மையாக வந்து நின்றன.

சுவரைப் பார்த்துத் திரும்பினார். இருபது எண்ணினார்.

திரும்பினார்.

அவள் சதுரம் மாடி அறைக்குப் பின்னால் இருந்தது.

மெர்ல் அழுதார். பேட்டரி இல்லை. நழுவல் இல்லை. அவள்தான். பிறகு தன் சதுரத்தை ஏற்றினார், மெதுவாக, அவள் தப்பிக்க நிறைய நேரம் கொடுத்து. அது நகரவில்லை. நியாயமாக, பொறுமையாக, அவர் வந்து தொடும்வரை காத்திருந்தது.

"லவோன்," என்றார். "நீதானே? நீன்னா ஏமாத்து. ஒரே ஒரு தடவை."

உலை அடங்கியது. வீட்டில் சத்தமே இல்லை.

மறுபடி எண்ணினார். மறுபடி மாடி அறை. அவர் பாதிப் படி ஏறியதும் அது நகர்ந்தது. மாடியிலிருந்து நேர்கோட்டில் கீழே, பிறகு நேர்கோட்டில் சமையலறைக்கு. நின்றது.

"ஆ!" என்றார் மெர்ல். "திருடி!"

இன்னொரு ஆட்டம். பாதிப் படியில் அது நகர்ந்தது. அதே வழி. அதே இடம்.

இன்னொன்று. அதே படியில். அதே வழி. கொஞ்சம் வேகமாக.

அவர் சிரிப்பு நின்றது.

சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறது. கேட்டுக் கற்றுக்கொள்கிறது.

நாற்காலிப் பக்கமிருந்து மூக்கால் ஒரு சத்தம் வந்தது. ஈரமாக. மிக நீளமாக. அதை நிறுத்திவிட்டு மறுபடி முயன்றது. இந்தத் தடவை குட்டையாக. மூன்றாவது தடவை கிட்டத்தட்டச் சரியாக இருந்தது.

கிட்டத்தட்ட.

கதவு ஆறடி தூரத்தில் இருந்தது. கோட்டு ஆணியில் இருந்தது. வெண்டலின் பூட்ஸ் தடம் வாசலில் இன்னும் முழுசாக மூடியிருக்காது. மெர்ல் கதவைப் பார்த்தார். அதற்கு அப்பால் இருக்கும் தெருவை நினைத்தார், டிசம்பரை, அதற்குப் பின் வரும் ஜனவரியை. அவள் எங்கும் இல்லாத ஜனவரி.

"நல்லா ஏமாத்துற, கண்ணு," என்றார்.

நாற்காலி முன்னால் போய் மண்டியிட்டார். அவள் இருந்தபோது செய்வதுபோலப் போர்வையில் தலையைச் சாய்த்தார். போர்வை தட்டையாக இல்லை. அடியில் ஒரு மடி இருந்தது. குளிர்ந்த மடி.

ஓரக்கண்ணில் திரை தெரிந்தது. சதுரம் மாளிகையின் குறுக்கே சாய்வாக ஏறிக்கொண்டிருந்தது. சாய்வாக ஏற, கைப்பெட்டியின் இரண்டு பக்கத்துக் குமிழ்களையும் ஒன்றாகத் திருக வேண்டும். அவர் காதுக்கு மேலே இரண்டும் திரும்பிக்கொண்டிருந்தன. பக்கத்துக்கு ஒரு கை.

அப்போது ஒரு கை அவர் தலைமுடிக்குள் மெல்ல நுழைந்து கோத ஆரம்பித்தது.

இன்னொன்று கன்னத்தைத் துடைத்தது.

இன்னொன்று கழுத்தைச் சுற்றியது, அன்பாக.

குமிழ்கள் நிற்கவே இல்லை. மெர்ல் தலையைத் தூக்கவில்லை.