வெறுந்தண்ணீர்ப் புனல்

ஐந்தாவது கண்ணாடிப் புனலில் வேர் எதுவும் போடவில்லை, வெறும் தண்ணீர்தான். அதிலும் ஒரு நூற்புழு நெளிந்தது.

அவள் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். மற்ற நான்கு புனல்களில் நோயுற்ற மரத்தின் வேர்த்துண்டுகள், மெல்லிய தாளில் பொதிந்து, நேற்று மாலையிலிருந்து ஊறி, அழுகிய உருளைக்கிழங்கின் வாடையை மாலை வகுப்பு அறை முழுக்கப் பரப்பிக்கொண்டிருந்தன. புழுக்கள் வேரை விட்டு இறங்கி அடிக்குழாயில் சேரும், அவற்றை இனம் பிரித்துச் சொல்ல வேண்டும். வெறுந்தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் சோதனை முழுவதும் குப்பை.

ஆய்வக உதவியாளர் ஜன்னலைச் சாத்தியபடி எட்டிப் பார்த்தாள். "என்னம்மா, அதுல படமா ஓடுது?"

"வெறுந்தண்ணியில புழு இருக்குக்கா. நான்தான் எங்கயோ சொதப்பியிருக்கேன்."

"போன வாரமும் இதேதான். இன்னிக்கும் தப்பாச்சுன்னா உன் பேரை எடுத்துடுவாரு சார். வருஷம் பூரா படிச்சது போச்சு. எங்க சொதப்பினியோ கண்டுபிடி, போ."

கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டைப் புதுக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தாள். சுத்தம். உறிஞ்சு குழாயை அதில் நனைத்துப் பார்த்தாள். சுத்தம். மிச்சமிருந்தது, புழுவைத் தூக்கும் குச்சி, நுனியில் ஒற்றை இமைமயிர் ஒட்டியது. அதையும் கொதிநீரில் அலசினாள். வழக்கம்போல் மயிர் நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கினாள். மற்றவர்கள் தண்ணீரில் நனைப்பார்கள்; நாக்கில் தொட்டால்தான் புழு நன்றாக ஒட்டும் என்று அவளாகப் பழகிக்கொண்டது, ஒரு மாலைக்கு நூறு முறை.

சொட்டில் வைத்தாள்.

மூன்று புழுக்கள்.

பெரிதாக்கினாள். மூன்றின் வாயிலும் ஊசி. வேரைக் குத்தி உறிஞ்சும் ஊசி. நீண்டது. உள்வாங்கியது.

ஒருவேளை தப்பாகப் பார்க்கிறோமோ. சில்லில் எச்சிலைத் துப்பினாள். கூழ் போல ஒரு திரள். அதற்குள் முட்டைகள். ஒவ்வொன்றிலும் சுருண்டு கிடந்த குஞ்சுப்புழு ஒன்று, முட்டையோட்டை உள்ளிருந்து குத்தியது.

முட்டை தானாக வராது. பெண் புழு கழுத்தைச் சதையில் புதைத்து, பேரிக்காய் போல வீங்கி, நகராமல் கிடந்துதான் இடும்.

கைகழுவும் தொட்டிக்கு மேல் கண்ணாடி. நாக்கை மடித்துத் தூக்கினாள்.

வெள்ளை வெள்ளையாக. வரிசையாக. ஈறு வரைக்கும்.

"என்னம்மா, சுத்தமா இருக்கா?" பின்னால் அக்காவின் குரல். "சார் மாடிப்படி ஏறிட்டாரு."

வாயை மூடினாள். திரும்பினாள். ஆமென்று தலையசைத்தாள்.

எச்சில் ஊறியது. விழுங்கினாள். மேலண்ணத்தில் அழுந்தி ஏதோ நசுங்கியது. கொழகொழவென்று, இளஞ்சூடாக, தொண்டையில் இறங்கியது.