இடப்பக்க வளையம்

துனிஸ் நகரத்தின் மதீனாவில், அதாவது சந்துகள் பின்னிக் கிடக்கும் பழைய ஊரில், ஹைக்கல் வாங்கிய வீடு வெகுகாலமாகப் பூட்டிக் கிடந்தது. அவன் அதை வீடு என்று சொல்வதில்லை, 'அனுபவம்' என்பான். புறா எச்சம் படிந்த முற்றத்தில் நின்றபடி, வருகிறவர்களிடமெல்லாம் "இந்தச் சுவருக்கு ஆன்மா இருக்கு" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வான். பிறகு ஆன்மா இருந்த சுவர்களில் பாதியை இடித்துவிட்டு, மேலே புதிதாக ஒரு மாடி எழுப்பினான். வெளிநாட்டு விருந்தினர்களுக்கான விடுதி. அந்தச் சந்திலேயே அது நான்காவது.

தெருக்கதவை மட்டும் அவனால் விட முடியவில்லை. நீலக் கதவு, கறுப்பு ஆணிகளால் பூவேலை, மூன்று இரும்பு வளையங்கள். வலப்பக்கத்தது ஆண்கள் தட்ட. இடப்பக்கத்தது பெண்கள் தட்ட. கீழே, முழங்கால் உயரத்தில் இருக்கும் சின்னது பிள்ளைகளுக்கு. மூன்றுக்கும் மூன்று ஓசை. எது ஒலிக்கிறதோ அதைக் கேட்டு உள்ளே யார் எழுந்து போவது என்று தெரிந்துகொள்வார்கள். இவ்வளவு அழகை வெயிலில் காய விடலாமா? ஹைக்கல் அதை நிலையோடு பெயர்த்து, புது மாடியில் தன் படுக்கையறைச் சுவரில், வளையங்கள் கட்டிலைப் பார்க்கும்படி பதித்தான். பின்னால் வெறும் செங்கல். தெருவுக்கு ரகசிய எண் அழுத்தித் திறக்கும் இரும்புக் கதவு வந்தது.

எதிர்வீட்டு மப்ரூக்கா, சூடான ரொட்டி கொடுக்கும் சாக்கில் மாடியைப் பார்க்க வந்தாள். பார்த்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன் தம்பி, கதவோட வெளிப்பக்கம் கட்டிலைப் பாத்துக்கிட்டு நிக்குதே?"

"அதுதானே அக்கா அழகு."

"அழகுதான். அப்போ நீயும் உன் பொண்டாட்டியும் தெருவுலல்ல படுத்திருக்கீங்க! அவகூட."

"எவகூட?"

ஹைக்கலின் மனைவி எம்னா ஏழு மாதக் கர்ப்பிணி. அவள் கீழே இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு மப்ரூக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"இந்த வீட்டு மருமக. என் மாமியார் காலத்துல. குளியல் கூடத்துக்குப் போயிட்டு மழையில திரும்பி வந்து இடது வளையத்தைத் தட்டியிருக்கா. உள்ள புருஷனும் ரெண்டு கொழுந்தனுங்களும்தான். பொம்பளை தட்டினா ஆம்பளை போய்த் திறக்கலாமா, அடுத்த வீட்டுக்காரியா இருந்துட்டா? பெரிய மானஸ்தனுங்க! மூணு பேரும் ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாத்துக்கிட்டு உக்காந்துட்டானுங்க. விடிஞ்சு பாத்தா படியில விறைச்சுக் கெடக்குறா. வயித்துல புள்ளை வேற."

ஹைக்கல் உருகிப்போனான். "இன்னொரு தடவை சொல்லுங்கக்கா, பதிவு பண்ணிக்கறேன்" என்று கைபேசியை நீட்டினான்.

"பதிவு கெடக்கட்டும். கதவைத் திருப்பி வை. வளையம் சுவர்ப்பக்கம் போகட்டும். அவ வெளியிலயே இருந்துக்குவா."

"நாளைக்குப் பத்திரிகையிலேர்ந்து படம் எடுக்க வராங்கக்கா. பின்பக்கம் வெறும் பலகை."

மறுநாள் பாலைவனக் காற்று அடித்தது. கொத்தனார்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். எம்னா மாடியில் சன்னல் பலகைகளை அடைத்துக்கொண்டு மதியத் தூக்கத்தில் இருந்தாள். ஹைக்கல் முற்றத்தில், படத்துக்காக மெத்தைகளைக் 'கலைந்தது போல' அடுக்கிக்கொண்டிருந்தான்.

கிணிங்.

மெல்லிய ஓசை. மேலிருந்து வந்தது.

கிணிங். கிணிங்.

படியேறினான். பாதிப் படியில் வியர்வை குளிர்ந்தது. கடும் கோடையில், அந்தப் படிக்கட்டில், நனைந்த கம்பளியின் வாடை.

அறை இருட்டாக இருந்தது. கதவின்மேல் வயிறு அழுந்த எம்னா நின்றிருந்தாள். அவள் கையில் இடப்பக்க வளையம்.

"எம்னா... என்ன பண்றே?"

"தட்டறேன்."

"யாருக்காக?"

"இவங்களுக்காகத்தான்." திரும்பாமலே கிசுகிசுத்தாள். "பாவம், கை விறைச்சுப் போச்சாம்."

அவளுக்குப் பக்கத்தில் யாருமில்லை. தரையில் மட்டும் இரண்டு ஈரப் பாதச் சுவடுகள்.

கதவுக்குப் பின்னால், செங்கல்லுக்குள், ஓர் ஆண் இருமினான்.

ஹைக்கல் மனைவியை இழுத்துக்கொண்டு இறங்கினான். செருப்புகூடப் போடவில்லை.

ஏரிப் பக்கம், ஒன்பதாவது மாடியில் மாமனார் வீடு. எல்லாம் கண்ணாடி, எஃகு, மின்சார மணி. ஆன்மாவே இல்லாத கட்டிடம். ஹைக்கலுக்கு முதல்முறையாக அது பிடித்திருந்தது. மாமியார் ஊரில் இல்லை. ஓய்வுபெற்ற நீதிபதியான மாமனார், "சாட்சி இல்லாத விஷயம்" என்று தீர்ப்புச் சொன்னார். மருத்துவரான மச்சான், "கர்ப்பத்துல இதெல்லாம் சகஜம்" என்றான். எம்னா போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். அவள் உள்ளங்கைகள் மட்டும் எவ்வளவு தேய்த்தும் சூடாகவில்லை.

தேநீர் வந்தது. பொழுது சாய்ந்தது.

கிணிங்.

எஃகுக் கதவில் வளையம் ஏது?

மாமனாரின் கோப்பை உதட்டருகே நின்றது. "யாருன்னு பாருடா" என்றார்.

"மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரே" என்றான் மச்சான்.

"உங்க வீடு, நீங்கதான்..." என்றான் ஹைக்கல்.

கிணிங்.

மூன்று ஆண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் எழவில்லை. கதவின் அடியில் தண்ணீர் கோடாகக் கசிந்து உள்ளே வந்தது.

பிறகு கீழே, முழங்கால் உயரத்தில், இன்னொரு ஓசை. சின்னது.

எம்னா போர்வையை விலக்கினாள்.

"வரேன், வரேன்" என்றாள், ஒரு கையால் வயிற்றைத் தாங்கி எழுந்தபடி. "தட்ட வேணாம். நான் இருக்கேன்."