காற்று சாத்திய கதவு

முப்பத்தாறு படம்தான் எடுத்திருந்தாள் சுகந்தி. கணினியில் முப்பத்தேழு இருந்தன.

ஒரே தாளில் கரித்துண்டால் வரைவது, மேலே மாட்டிய கேமராவில் ஒரு படம் எடுப்பது, கொஞ்சம் அழித்து மாற்றி வரைந்து அடுத்ததை எடுப்பது; இப்படிப் பன்னிரண்டு தடவை மாரடித்தால் திரையில் ஒரு விநாடி நகரும். வெளிச்சம் மாறினால் எல்லாம் பாழ் என்று, கேத்தியில் வாடகைக்கு எடுத்த அந்த வீட்டு ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்திருந்தாள். மதியமே பள்ளத்திலிருந்து ஏறிவரும் மூடுபனியும் முட்டைக்கோஸ் தோட்டத்து அழுகல் வாடையும் துணிக்கு அந்தப் பக்கம் நின்றன. இத்தனை கணக்காக வேலை செய்கிறவள் ஒரு படத்தைத் தப்பவிடுவாளா?

கூடுதல் படத்தில் கதவு இருந்தது. அவள் இதுவரை எடுத்த எல்லாத் திரைப்படங்களிலும் வரும் அதே எஸ்டேட் வரிசைவீட்டு லயத்துக் கதவு. ஆனால் அதில் உள்கொண்டி போட்டிருந்தது. பதினொரு வருடமாக அந்தக் கதவுக்கு அவள் கொண்டி வரைந்ததே இல்லை.

அந்தக் கதவுதான் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. கூடலூர்ப் பக்கம் எஸ்டேட் லயத்தில், அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, காற்று கதவைச் சாத்திவிட, வெளியே நின்ற ஆறு வயதுத் தங்கை கலைமதி மூடுபனியில் வழி தெரியாமல் போய் ஓடையில் விழுந்து செத்தாள். சொந்தக் கதை என்று சுகந்தி வரைந்த அந்த முதல் ஆவணப்படத்தைப் பார்த்து நாடு நாடாகக் கண்ணீர் விட்டார்கள். அடுத்து வந்த படங்களிலும் அதே காற்று. காற்றாவது மண்ணாங்கட்டியாவது! ஒரு கலர் பென்சிலுக்குச் சண்டை. தங்கையை வெளியே தள்ளிக் கொண்டி போட்டவள் இவள்தான். அவள் தட்டத் தட்ட, இவள் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து படம் வரைந்தாள். தட்டுவது நின்றபோது நிம்மதியாக இருந்தது.

இது தெரிந்த இன்னொருத்தி அம்மா பேச்சி. முதல் படத்தைப் பார்த்த அன்று போனில் சொன்னாள்.

"நான் கொழுந்து எடுத்துட்டு வந்து தட்டுனப்ப நீதானடி கொண்டிய நீக்குன? காத்தா போட்டுச்சு? இனி என் மூஞ்சில முழிக்காத."

அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. சுகந்தியும் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் முதல் வேலையாக உள்கொண்டியைக் கழற்றிவிடுவாள்.

புதுப் படம் திங்கட்கிழமை திரைப்பட விழாவுக்குப் போயாக வேண்டும். கொண்டி தெரிந்தால் பதினொரு வருடப் பேரும் போச்சு. கூடுதல் படத்தை நீக்கினாள். முப்பத்தாறு. டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். முப்பத்தொன்பது.

இப்போது தாளிலேயே கொண்டி இருந்தது. ரப்பரால் தேய்த்தாள். கரி முழுதாகப் போகாது, சாம்பல் தடம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தேய்த்தாள். தாள் நார் நாராக எழும்பியது.

அறைக்கதவை யாரோ தட்டினார்கள். தாழ்வாக. இடுப்பு உயரத்தில்.

"யாருங்க?"

கதவிடுக்கில் ஈரத் தேயிலை வாடை. மறுபடி தட்டல்.

"காத்து," என்றாள் சுகந்தி, சத்தமாக.

தட்டல் நின்றது. அதே பழைய நிம்மதி.

பிறகு, வெளிப்பக்கம் கொண்டி விழும் சத்தம்.

இழுத்தாள். அசையவில்லை. பின்னால் கேமரா தானாகக் கிளிக் என்றது. திரும்பிப் பார்த்தாள். திரையில் இந்த அறை. கரியில். மேசை, ஜன்னல், கதவோரம் அவள். கதவுக்கு வெளியே ஒரு பிள்ளை முதுகைக் காட்டி உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தது.

"கலை... தொறடி கண்ணு."

பிள்ளை திரும்பவில்லை. அவசரமே இல்லாமல் படத்து அறைக்குக் கறுப்படித்தது, மூலையிலிருந்து.

கிளிக். இங்கே அறையிலும் ஜன்னல் போனது.

கிளிக். மேசை, திரை.

சுகந்தி தட்டினாள். கிளிக். தட்டிய கையில், விரல் நுனியிலிருந்து, கறுப்பு ஏறியது.