தோளை விட்டு இறங்காத பை

“அந்தப் பையில அப்படி என்னதான் இருக்கு, அண்ணி? ரெண்டு ஸ்வெட்டர் வைக்க இடம் கேட்டா இவ்வளவு யோசிக்கிறீங்க.”

காலை ஏழு மணி. வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கக் குடும்பமே கிளம்பியிருந்தது; விமான நிலையம் போக வாசலில் வாடகைக் கார் காத்திருந்தது. பெட்டிகளில் இனி ஒரு கைக்குட்டைக்கும் இடமில்லை. மருமகளின் கைப்பை ஒன்றுதான் பாக்கி. அதை அவள் தோளை விட்டு இறக்கவே இல்லை.

“அதுல வேற சாமான் இருக்கும்மா.”

“இருக்கும், இருக்கும். எங்க கண்ணுல படக்கூடாத சாமான்...” நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாமனார் ஷூ நாடாவைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதர். ‘இந்த உடம்புல ஒரு ஊசி ஏறினதில்ல’ என்று ஊரெல்லாம் பெருமை அடித்தவர். அந்த உடம்புக்கு ஒன்றரை வருஷமாகத் தினம் இரண்டு வேளை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இன்சுலின் போட்டுவிடுபவள் மருமகள்தான். பையில் இருந்தது அவருடைய மருந்து. பெட்டியில் போட்டு அனுப்பினால் விமானத்தின் சரக்கு அறைக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம், கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். காரணம் அவர் மகள், இந்த நாத்தனார்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் விரும்பியவர் வீடு தேடி வந்தபோது, “தினம் ஊசி போட்டுக்கிற நோயாளிக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்” என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியவர் மாமனார். பள்ளிக்கூட டீச்சரான அந்த மகள் அதற்குப் பிறகு எந்த வரனுக்கும் தலையாட்டவில்லை.

விமான நிலையத்தின் பாதுகாப்புச் சோதனையில் அந்தப் பையை மட்டும் தனியே எடுத்து வைத்தார்கள். பெண் அதிகாரி திறந்து பார்த்தார். இன்சுலின் பேனாக்கள், ஊசிகள், சர்க்கரை பார்க்கும் கருவி, டாக்டர் கடிதம்.

“உங்களுக்கா?”

“இல்லைங்க.”

“கடிதத்துல ஆம்பளை பேரு இருக்கே. அவரு கூட வர்றாரா?”

மருமகள் திரும்பிப் பார்த்தாள். பத்தடி தள்ளி மாமனார் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்தது. தலை மட்டும் நிமிரவில்லை.

“ஆள் யாருன்னு சொல்லலேன்னா இதை விட முடியாதும்மா.”

அதற்குள் நாத்தனார் வந்துவிட்டாள். “எவனுக்கு அண்ணி தூக்கிட்டு வர்றீங்க? என் அண்ணனைப் பார்க்கப் போற இடத்துல எங்க மானத்தை வாங்கணுமா?”

எவனுக்கு! மருமகளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. குரலை உயர்த்தாமல் மாமனாரைப் பார்த்துப் பேசினாள்.

“மாமா, நான் யார் பேரையும் சொல்லல. ஆனா என்னைப் பார்த்து இப்படி ஒரு பேச்சு வந்தப்புறமும் நீங்க பெல்ட் மாட்டிக்கிட்டே நின்னா, இந்த மருந்து இங்கயே கிடக்கட்டும். நான் வீட்டுக்குப் போறேன்.”

பெல்ட் பாதியில் தொங்க, அவர் வந்தார்.

“என் மருந்துங்க. சர்க்கரை எனக்குத்தான். பாவம், இவ சுமந்துட்டு வர்றா.”

அதிகாரி பாஸ்போர்ட்டில் பெயரைச் சரிபார்த்துப் பையைத் திருப்பிக் கொடுத்தார்.

நாத்தனார் அப்பா பக்கம் திரும்பினாள். “அவரை வாசல்ல நிக்க வெச்சு நோயாளின்னு விரட்டினீங்களேப்பா... அந்த மனுஷன் எதையும் மறைக்கல. தானா வந்து சொன்னாரு. நீங்க?”

“உன் முகத்துல முழிக்கப் பயந்தேம்மா. அதான் இவ பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்.”

“என்கிட்ட அப்புறம் பேசுங்க. முதல்ல அண்ணிகிட்ட மன்னிப்புக் கேளுங்க. நானும் கேக்கணும்...” சொல்லும்போதே உடைந்துபோய் அண்ணியின் தோளில் சாய்ந்தாள். “எவனுக்குன்னு கேட்டுட்டேனே, அண்ணி...”

மருமகள் அவளை அணைத்துக்கொண்டாள். மாமனார் இரண்டு கையையும் கூப்பியபோது மட்டும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவள் கோபம் அவ்வளவு சீக்கிரம் இறங்குவதாக இல்லை.

விமானத்தில் சாப்பாட்டு வண்டி நெருங்கியது. மாமனார் வழக்கம்போல் மருமகளிடம் கண்ணைக் காட்டிவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போக எழுந்தார். அவள் எழவில்லை. இன்சுலின் பேனாவை அவர் கையில் வைத்தாள்.

“இங்கயே உட்கார்ந்து போட்டுக்கோங்க, மாமா. உங்க கையாலயே.”

மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சட்டையை மெல்லத் தூக்கினார். மருந்தின் அளவை வைக்கும் பேனாத் திருகில் விரலை வைத்துத் தயங்கினார்.

“எத்தனை வைக்கணும்மா?”

ஒன்றரை வருஷம். அதுகூட அவருக்குத் தெரியாது.

“பதினாலு,” என்றாள் மருமகள். “இனிமே நீங்களே ஞாபகம் வெச்சுக்கோங்க.”